பெர்மிட் முடியப் போகிறதா? சிங்கப்பூரில் வேலை கையைவிட்டுப் போகாமல் இருக்க 90 நாளுக்கு முன்பே தொடங்குங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து செல்போனைத் திறந்து காட்டி, "அண்ணே, கம்பெனியில ரினியூ பண்ண மாட்டோம்னு சொல்லிட்டாங்க, வேற எங்கயாவது சேர்த்து விடுங்கண்ணே" என்றான். பெர்மிட் முடிய இன்னும் 12 நாள் இருந்தது. ஆறு வருடமாகக் கம்பி கட்டுகிறவன், நல்ல கைவேலைக்காரன், இவனைப் போன்ற ஆள் கிடைத்தால் எத்தனையோ கம்பெனிகள் எடுத்துக்கொள்ளும். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் பழைய முதலாளியின் சம்மதமே இல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கலாம். அது அவனுக்குத் தெரியவே இல்லை.

இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. ஊரில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, தொழில் திறன் தேர்வு எழுதி, அதாவது டெஸ்ட் அடித்து, இங்கே வருகிறோம். கடன் அடைந்து கையில் நாலு காசு சேரும் நேரத்தில் பெர்மிட் முடிகிறது. அப்போது விதிமுறை தெரியாததால் ஊருக்குத் திரும்பி, மறுபடியும் ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம். அதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். முக்கியமாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு, அதிலும் முதல் பெர்மிட்டில் இருக்கும் புதியவர்களுக்கு. ஒர்க் பெர்மிட்டுக்கு மேல்படியில், நடுத்தரத் திறன் வேலைக்குக் கொடுக்கும் எஸ் பாஸில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

முதல் வேலை: உண்மையான முடிவுத் தேதியைக் கண்டுபிடியுங்கள்

"ரெண்டு வருஷ பெர்மிட், அடுத்த தீபாவளிக்கு முடியும்" என்று தோராயமாகச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். எஸ்ஜி ஒர்க்பாஸ் என்று மனிதவள அமைச்சின் செயலி ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. அதைச் செல்போனில் போட்டு உங்கள் அட்டையின் பின்னால் உள்ள கட்டம் போட்ட குறியை ஸ்கேன் செய்தால் பெர்மிட் நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் முடிகிறது என்று வந்துவிடும். இதை மாதம் ஒருமுறை பாருங்கள். கம்பெனி உங்களிடம் சொல்லாமல் பெர்மிட்டைக் கேன்சல் செய்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

பெர்மிட் பொதுவாக இரண்டு வருடம் வரை கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட், முதலாளி உங்களுக்காக அரசாங்கத்திடம் கட்டியிருக்கும் ஜாமீன் இவற்றில் எது முன்னால் முடிகிறதோ அதை ஒட்டித்தான் தேதி போடுவார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கிறது என்றால் புதுப் பெர்மிட்டும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை ஊருக்குப் போகாமல் இங்கேயே இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கலாம். போலீஸ் சரிபார்ப்பு என்று ஏதாவது வந்தால் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடவே கூடாது.

பாஸ்போர்ட் உங்களிடம் இல்லை, ஆபீஸில் வைத்திருக்கிறார்கள் என்றால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள். முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை.

சேஃப்டி கோர்ஸ் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. அது முடிந்துபோயிருந்தால் முதலாளி விரும்பினாலும் ரினியூ நடக்காது, புதுக் கம்பெனியும் எடுக்க முடியாது. சான்றிதழைப் படம் எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் பெர்மிட் நவம்பர் 30 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

90 நாள் முன்பு என்றால் செப்டம்பர் 1. இருந்துகொள்வதா மாறுவதா என்று நீங்கள் மனதுக்குள் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. பெர்மிட் முடிய 6 முதல் 8 வாரம் இருக்கும்போது, அதாவது அக்டோபர் 5 முதல் 19 வரையான நாட்களில், புதுப்பிக்கச் சொல்லி அமைச்சிலிருந்து உங்கள் கம்பெனிக்கு அறிவிப்பு போகும். அறிவிப்பு உங்களுக்கு வராது, கம்பெனிக்குத்தான் வரும். புதுப்பிக்க விண்ணப்பிப்பதும் கம்பெனி மட்டுமே செய்யக்கூடியது, நீங்களாகச் செய்ய முடியாது.

அப்புறம் அக்டோபர் 21. அன்றைக்கு 40 நாள் மிச்சம். அன்று முதல் 21 நாள் மிச்சம் இருக்கும் நவம்பர் 9 வரை ஒரு கதவு திறந்திருக்கிறது. கட்டுமானத் துறையில் உள்ள தொழிலாளி, இந்த இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறொரு கட்டுமானக் கம்பெனிக்கு மாறலாம். புதிய கம்பெனி உங்கள் பெயரில் விண்ணப்பம் போட வேண்டும், அவ்வளவுதான். பழைய கம்பெனி விடுவிக்கிறது என்று கொடுக்கும் ரிலீஸ் லெட்டர் தேவையில்லை, ஊருக்குப் போய்விட்டு வரத் தேவையில்லை. இந்த 40க்கும் 21க்கும் இடைப்பட்ட நாட்களுக்கு முன்னாலோ பின்னாலோ என்றால் பழைய முதலாளி சம்மதித்தால்தான் மாற முடியும். தேக்காவில் பார்த்த பையனுக்கு 12 நாள் என்று சொன்னேனே, அவனுடைய கதவு மூடி 9 நாள் ஆகியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனிக்கு அறிவிப்பு வருவது 56 நாளிலிருந்து 42 நாளுக்குள். உங்கள் கதவு திறப்பது 40ஆவது நாளில். உங்களை விட விரும்பாத முதலாளி அந்த இடைவெளியிலேயே ரினியூ செய்துவிட்டால், கதவு திறக்கும் முன்பே அடுத்த பெர்மிட் தொடங்கிவிட்டது போலத்தான். மாற வேண்டும் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்பே, 60 நாள் இருக்கும்போதே, "எனக்கு ரினியூ வேண்டாம், இந்தப் பெர்மிட்டோடு முடித்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. எழுதினால் பிறகு யார் கேட்டாலும் காட்டலாம். புரியாத தாளில் கையெழுத்து கேட்டால், போடும் முன் படம் எடுத்து யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். ரினியூவலுக்கான சம்மதமாகவே அது இருக்கலாம்.

கட்டுமானம் தவிர மற்றத் துறைகளில் இருப்பவர்கள் இந்த 40-21 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 6438 5122 என்ற அமைச்சின் எண்ணில் கூப்பிட்டு உங்கள் துறையைச் சொல்லிக் கேளுங்கள்.

அதே கம்பெனியிலேயே இருக்க விரும்பினால்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நல்லது. பழகின இடம், பழகின சூப்பர்வைசர், சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றால் ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அதிகத்துக்காக மாறிப்போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் எண்ணம். 60 நாள் இருக்கும்போது நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சூப்பர்வைசரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், அவருக்கு அதிகாரம் இருக்காது. ஆபீஸில் பெர்மிட் பார்ப்பவரிடமோ முதலாளியிடமோ கேளுங்கள். "பார்க்கலாம்" என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள். 40ஆவது நாள் வந்தும் "பார்க்கலாம்" என்றே சொன்னால் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு வெளியில் தேடத் தொடங்குங்கள். கேட்பதற்குத் தயங்கி, முதலாளி கோபித்துக்கொள்வார் என்று பயந்து, 20 நாள் ஆன பிறகு கதவு மூடிப்போய் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ரினியூவலுக்குக் காசு. நான் இரண்டாவதாக வேலை செய்த கம்பெனியில், பெர்மிட் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது ஆபீஸிலிருந்து ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, 1,500 வெள்ளி கொடுத்தால் ரினியூ ஆகும், இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுவிடுவோம் என்றார். எனக்கு அப்போது 26 வயது, தங்கை கல்யாணக் கடன் பாதிகூட அடையவில்லை. அறையில் இருந்த நாலு பேரிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை. கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். அது சட்டப்படி குற்றம் என்று அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வேலை கொடுப்பதற்கோ, வேலையில் வைத்துக்கொள்வதற்கோ, ரினியூ செய்வதற்கோ முதலாளியோ அவருடைய ஆளோ தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது, கையில் கொடுத்துத் திருப்பி வாங்குவதும் கூடாது. வெளிநாட்டு மனிதவளச் சட்டத்தில் இதற்கு 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட் விண்ணப்பக் கட்டணம், லெவி (வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் வரி), காப்புறுதி, மருத்துவச் செலவு எல்லாம் முதலாளியின் செலவு. "லெவி ஏறிப்போச்சு, உன் சம்பளத்தில பிடிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு.

யாராவது கேட்டால் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம். யார் கேட்டார், எவ்வளவு, எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள், குறுஞ்செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். பிறகு அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ சொல்லுங்கள். நிலையத்தின் எண் 6536 2692, நாள் முழுவதும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம்.

கம்பெனி மாற வேண்டும் என்றால்

புதுக் கம்பெனியை 40ஆவது நாளில் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. 40ஆவது நாள் விண்ணப்பம் போடும் நாள். தேடுவது அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நல்ல இடங்கள் பெரும்பாலும் ஆள் மூலமாகத்தான் கிடைக்கும். ஒரே சைட்டில் வேறு சப்-கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் நம் ஆட்களிடம், டார்மிட்டரியில் பக்கத்து அறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது "ஆள் எடுக்கிறாங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, போன மூன்று மாதமும் அதே தேதியில் வந்ததா, ஓவர்டைம் பே ஸ்லிப்பில் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். வேலை செய்பவன் சொல்லும் பதிலைப் பத்து ஏஜென்ட் சொல்வதைவிட நான் நம்புவேன்.

ஏஜென்ட் மூலம் போனால், அவர் அமைச்சிடம் உரிமம் வாங்கியவரா என்று அமைச்சின் இணையப் பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாம். உரிமம் உள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. 800 வெள்ளி சம்பளம், இரண்டு வருடம் என்றால் 1,600தான் உச்சம். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் முதலாளியே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால், ஏஜென்ட் குறைந்தது பாதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்? காப்பிக் கடையில் உட்கார்ந்து "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் தம்பி" என்று சொல்லி ரொக்கமாகக் கேட்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

விண்ணப்பம் சரியானால் ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம் வரும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அதைக் கொடுக்க வேண்டும், எனவே தமிழில் கேளுங்கள். அதில் பேசிக் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஆட்கள் மொத்தத்தை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஓவர்டைம் கணக்கு பேசிக்கை வைத்துத்தான் போடப்படுகிறது. மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணியையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு.

இரண்டு கம்பெனி 800 வெள்ளி தருகிறேன் என்கின்றன. ஒன்று பேசிக் 800. இன்னொன்று பேசிக் 600, அலவன்ஸ் 200. முதல் கம்பெனியில் ஓவர்டைம் மணிக்கு 6.29 வெள்ளி, இரண்டாவதில் 4.72. மாதம் 72 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் 113 வெள்ளி வித்தியாசம். இரண்டு வருடத்தில் 2,700க்கு மேல். அந்தக் கடிதத்தில் உள்ள பேசிக்கை, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல், அமைச்சுக்குத் தெரிவிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. வேலையில் சேர்ந்த பிறகு "சும்மா ஃபார்மாலிட்டி" என்று ஒரு தாளை நீட்டினால், அது சம்பளத்தைக் குறைக்கச் சம்மதம் கேட்கும் தாளாக இருக்கலாம். படிக்காமல் போடாதீர்கள்.

புதுக் கம்பெனியில் எல்லாம் முடிந்து புதுப் பெர்மிட் வரும் வரை பழைய கம்பெனி வேலைக்கு ஒழுங்காகப் போய்வாருங்கள். இடையில் "சும்மா வந்து ரெண்டு நாள் வேலை பாரு" என்று புதியவர் கூப்பிட்டால் போகவே கூடாது. பெர்மிட்டில் பெயர் இல்லாத கம்பெனியில் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம்தான். பிடிபட்டால் தொழிலாளிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 வருடம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், அதற்குமேல் இந்த நாட்டுக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம்.

ரினியூ செய்ய முதலாளியே ஆசைப்படும் ஆளாக ஆவது

பெர்மிட் முடியும்போது யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கு என்ன என்று நமக்குத் தெரிய வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில், நம் நாட்டைச் சேர்ந்த அடிப்படைத் திறன் தொழிலாளிக்கு முதலாளி கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. உயர்திறன் தொழிலாளி, அதாவது ஆர்1 என்று சொல்கிறோமே, அவருக்கு 500. மாதம் 400 வெள்ளி மிச்சம். வருடத்துக்கு 4,800, இரண்டு வருடப் பெர்மிட்டுக்கு 9,600. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் முதலாளி யாரை வைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, கம்பெனியில் உள்ள பெர்மிட்காரர்களில் குறைந்தது 10 சதவீதம் ஆர்1 இல்லாவிட்டால் அடிப்படைத் திறன் ஆட்களை, அதாவது ஆர்2 ஆட்களை, ரினியூ செய்யவே அமைச்சு விடாது. எனவே ஆர்1 ஆட்களைத் தேடி அலையும் கம்பெனிகள் இருக்கின்றன.

ஆர்1 ஆவதற்கு வழிகள் சில உண்டு. கட்டுமானத்தில் 4 வருட அனுபவம் இருந்தால் கோர்ட்ரேட் என்ற கட்டுமானத் திறன் தேர்வு எழுதலாம், அல்லது இரண்டாவதாக ஒரு தொழிலில் டெஸ்ட் அடித்து மல்டி-ஸ்கில் வழியில் போகலாம். 6 வருட அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் தேர்வு இல்லாமலே ஒரு வழி உண்டு. எதுவானாலும் கம்பெனிதான் பதிவு செய்ய வேண்டும். அதனால் போய்க் கேட்கும்போது "எனக்கு ஆர்1 போட்டுத் தாங்க" என்று கெஞ்சாமல், "எனக்கு நாலு வருஷம் ஆச்சு, ஆர்1 ஆனா உங்களுக்கு மாசம் 400 வெள்ளி லெவி குறையும்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். பயிற்சிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுத்தே கிடக்க ஆசைதான். வாரம் ஆறு நாள் வெயிலில் வேலை செய்தவனுக்கு அது நியாயமான ஆசை. ஆனாலும் ஒரு நாலு மாதம் அந்த ஞாயிறுகளைப் பயிற்சி மையத்துக்குக் கொடுத்தவர்கள்தான் இன்று என்னோடு பத்து, பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார்கள்.

இதில் ஒரு பழைய பயத்தையும் எடுத்துப் போட வேண்டும். ஆர்2 என்றால் 14 வருடம், ஆர்1 என்றால் 26 வருடம், அதற்கு மேல் இருக்க முடியாது என்று பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரம்பை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 60இலிருந்து 63 ஆகியிருக்கிறது. "உனக்கு வருஷம் முடிஞ்சுபோச்சு" என்று யாராவது சொல்லி அனுப்பப் பார்த்தால், அது இப்போது காரணமே இல்லை.

எஸ் பாஸ், வேறு துறை

டிப்ளமோவோ டிகிரியோ இருப்பவர்கள் பெர்மிட்டிலிருந்து எஸ் பாஸுக்கு மாற முயலலாம். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்த சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட இதுவும் கூடும். கம்பெனிக்கு எஸ் பாஸ் ஒதுக்கீடு மிச்சம் இருக்க வேண்டும், லெவியும் 650. அதனால் சூப்பர்வைசர், சேஃப்டி, அளவெடுப்பு போன்ற வேலைகளில் உண்மையிலேயே அந்தச் சம்பளத்துக்குத் தகுந்த ஆளுக்குத்தான் போடுவார்கள். "தாளில் 3,300 காட்டுறேன், கையில 1,800 தர்றேன், மீதியைத் திருப்பிக் கொடு" என்பவரிடம் மாட்டாதீர்கள். பொய்யான விவரம் கொடுத்த குற்றத்தில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

எஸ் பாஸில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். ஆறு மாதம் முன்பிருந்தே ரினியூ செய்யலாம், வேறு கம்பெனி விண்ணப்பிக்கப் பழைய கம்பெனியின் சம்மதம் தேவையில்லை, பாஸ் கேன்சல் ஆனாலும் பொதுவாக 30 நாள் தங்கி வேலை தேடலாம்.

கட்டுமானத்திலிருந்து கடை, ஹோட்டல் வேலைக்கு மாறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தியர்களுக்குச் சேவைத் துறையில் பெர்மிட் எல்லா வேலைக்கும் கிடையாது. பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டும், அதுவும் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில். சமையல்காரர் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது, கனரக வாகன ஓட்டுநர் 2025 செப்டம்பரில் சேர்ந்தது. அந்தத் தொழில் கையில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் காசு செலவழிக்க வேண்டாம்.

ரினியூ இல்லை, மாறவும் முடியவில்லை என்றால்

அப்போதும் வெறுங்கையோடு விமானம் ஏறக் கூடாது. கடைசிச் சம்பளம், ஓவர்டைம், எடுக்காத விடுப்புக்கான பணம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதுங்கள். ஊருக்கு டிக்கெட் முதலாளியின் செலவு. மாதச் சம்பளம் அந்த மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓவர்டைம் 14 நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். பாக்கி இருந்தால் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருக்கும்போது என்றால் ஒரு வருடத்துக்குள் நடந்ததற்கு, வேலையை விட்ட பிறகு என்றால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். முதலில் பேச்சுவார்த்தை, அதில் தீராவிட்டால் 20,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குத் தீர்ப்பாயம். பே ஸ்லிப், நேரம் எழுதிய சீட்டு, லாரி ஏறிய நேரம் குறித்த உங்கள் சொந்த நோட்டு, எல்லாமே ஆதாரம். ஊருக்குப் போன பிறகு இதை நடத்துவது மிகவும் கஷ்டம், இங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வேலையில் அடிபட்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். வழக்கு நடக்கும் வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இங்கே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது, அமைச்சு தனியாக அனுமதித்தால் மட்டுமே முடியும். சம்பளப் புகாரில் நியாயம் இருப்பவர்களுக்கு வேறு முதலாளியைத் தேடவும் அமைச்சு இடம் கொடுக்கிறது, எனவே அதிகாரியிடம் அதை வாய்திறந்து கேளுங்கள். வழியில்லாமல் நிற்பவர்களுக்கு டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகள் வழக்கிலும் தங்குமிடத்திலும் உதவுகின்றன. லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 நடத்தும் இலவசச் சாப்பாட்டுத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. அங்கே சாப்பிடப் போனால் வழக்கு பற்றியும் கேட்கலாம்.

எந்த நிலையிலும் தேதி தாண்டித் தங்காதீர்கள். 90 நாள் வரை என்றால் 4,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. 90 நாளைத் தாண்டினால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. முதலாளி உங்களுக்காக 5,000 வெள்ளி ஜாமீன் கட்டியிருக்கிறார், நீங்கள் காணாமல் போனால் அது போய்விடும் என்பதால் அவரும் உடனே புகார் கொடுப்பார்.

ஊருக்குப் போவதே முடிவாகிவிட்டால், போகும் முன் எல்லாத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் சான்றிதழ், சேஃப்டி சான்றிதழ், ஆர்1 கடிதம், பழைய ஐபிஏ, கடைசி ஆறு மாத பே ஸ்லிப், பெர்மிட் அட்டையின் இரண்டு பக்கமும் படம். பழைய முதலாளியிடம் வேலை அனுபவக் கடிதம் கேளுங்கள், பலர் கேட்டால் கொடுக்கிறார்கள். இங்கே வேலை செய்த அனுபவமும் ஆர்1 தகுதியும் உள்ள ஆள் புதிதாக வரும் ஆளைப் போலக் காசு கொட்டிக் கொடுத்து வரத் தேவையில்லை. ஏஜென்டைத் தேடும் முன், உங்களுக்குத் தெரிந்த சூப்பர்வைசர்கள் ஐந்து பேருக்கு அந்தப் படங்களை அனுப்பி, ஆள் தேவையா என்று நேராகக் கேளுங்கள். தேக்காவில் பார்த்த அந்தப் பையனும் இப்போது ஊரிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான், இரண்டு கம்பெனிகள் அவனுடைய பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கியிருக்கின்றன.